வாத்தியாரின் வலது கை

— எழுதி வச்சுக்கோ நந்தாவுலா. நலுபாலே ஏரிக்கு மேற்கே, கண்ணால பாக்காததை நம்பாத ஆம்பள ஒருத்தன்தான் இருக்கான். அவன் இப்ப உன் பக்கத்து சீட்டுல உக்காந்து வேர்க்கடலை தின்னுட்டு இருக்கான்.

— தோலை வெளிய போடுங்க வாத்தியாரே. என் மடியில விழுது.

— எவ்வளவு பெரிய விஷயம் சொல்றேன். நீ தோலைப் பாக்குற.

— பெரிய விஷயத்தை மசாக்காவை விட்டுக் கிளம்பினதுலேருந்து சொல்லிட்டுதான் வர்றீங்க. தோல்தான் புதுசு.

— இங்க நிறுத்து, இங்க நிறுத்து. காயாப்வே வந்தாச்சு. பூமத்திய ரேகை. எத்தனை வெள்ளைக்காரங்க நிக்கிறாங்க பாரு.

— இறங்கிப் பாக்கணுமா?

— இறங்க மாட்டேன். இங்கேருந்தே அருவருப்புப் பட்டுக்கிறேன். அந்தாளு பாரு, புனல்ல தண்ணி ஊத்தி ஒரு பூவைப் போடுறான். கோட்டுக்கு இந்தப் பக்கம் இடமா சுத்துமாம், அந்தப் பக்கம் வலமா சுத்துமாம். ஊத்தும்போதே கையைத் திருப்பி ஊத்துறான், திருட்டுப்பய. பத்தடி தள்ளி நின்னா பூமி மாறிடுமா?

— போன வருஷம் உங்க வகுப்புப் பசங்களைக் கூட்டிட்டு வந்து காட்டினீங்களே?

— ஏமாத்து எப்படி நடக்குதுன்னு காட்டுறதுக்கு.

— பசங்க கை தட்டினாங்கன்னு சொன்னீங்க.

— அவனுக்குத் தட்டினாங்க. அதான் என் வேதனை. சரி, எடு வண்டியை.

— வாத்தியாரே, ஒண்ணு கேக்கணும். சிரிக்காம பதில் சொல்லுங்க.

— நான் எப்ப சிரிச்சேன்?

— சாயங்காலம் திரும்பும்போது அம்மாவை நம்மளோட மசாக்காவுக்குக் கூட்டிட்டு வரணும்.

— கூட்டிட்டு வா.

— முழுசாக் கேளுங்க. கண்ணுல ஆப்பரேஷன் ஆகி ஒன்பது நாளாச்சு. ஆறு வாரத்துக்கு, தினம் நாலு வேளை சொட்டு மருந்து விடணும். தம்பி விடிஞ்சதும் வேலைக்குப் போயிடுறான். அவன் பொண்டாட்டி பெனா, நெனப்பு வந்தா விடுறா. நேத்து போன்ல கேட்டா, மருந்துபுட்டி எங்க இருக்குன்னே தெரியலைங்கிறா. கிருமி புகுந்தா கண்ணு போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இன்னொரு கண்ணு ஏற்கெனவே பாதிதான் தெரியுது.

— அதான் கூட்டிட்டு வான்னு சொல்லிட்டேனே.

— மருமகன் உக்காந்திருக்கிற வண்டியில மாமியார் ஏறுவாங்களா? மருமகன் வீட்டுல ராத்தங்குவாங்களா?

— ஏன், காலு இல்லையா அவங்களுக்கு?

— விளையாடாதீங்க.

— விளையாடலை அம்மணி. இதைத்தான் நான் காலையிலேருந்து சொல்றேன். நம்ம ஜனங்க இருக்காங்களே... மருமகனும் மாமியாரும் நேருக்கு நேர் பாக்கக் கூடாது, பக்கத்துல உக்காரக் கூடாது, விரல் பட்டுட்டா ஒபூக்கோங்கிற வியாதி பிடிச்சுக் கை காலெல்லாம் நடுங்குமாம். பதினெட்டு வருஷமா உயிரியல் நடத்துறேன். எந்தப் பாடத்துல இருக்கு? மாமியார் தோல்ல என்ன, மின்சாரமா ஓடுது?

— எனக்கு எதுக்குப் பாடம் எடுக்குறீங்க? நானா நடுங்கறேன்?

— சாயங்காலம் பாரு. உங்க அம்மாவைக் கையைப் பிடிச்சு அழைச்சிட்டு வந்து, முன் சீட்டுல உக்கார வச்சு, நானே பெல்ட்டும் போட்டு விடுறேன். ராத்திரி நம்ம கட்டில்லயே படுக்கட்டும். நான் பக்கத்துல பாய் விரிச்சுப் படுத்துக் கதை சொல்றேன்.

— ஐயோ, அதைத்தான் வேணாங்கிறேன். அம்மாவை நான் பேசிச் சம்மதிக்க வச்சுக்கிறேன். நீங்க இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிட்டு இருந்தாப் போதும். நீங்க ஆரம்பிச்சீங்கன்னா அவங்க தம்பி வீட்டை விட்டு நகர மாட்டாங்க.

— சரி. மூடிக்கிறேன்.

— எதுவரைக்கும்?

— கம்பாலா வரைக்கும்.

— அம்மா கம்பாலாவுலதான் இருக்காங்க.

*

— இன்னும் எத்தனை படி?

— முந்நூத்திச் சொச்சம்னு கீழ சொன்னாங்க. பாதி வந்திருப்போம்.

— எதுக்கு ஏறுறோம்?

— நீங்கதானே சொன்னீங்க, சொந்தக்காரங்க மூஞ்சியைப் பாக்குறதுக்கு முன்னாடி பாக்குற மாதிரி எதையாவது பாக்கணும்னு. மசூதி கோபுரத்துல ஏறினா ஊரே தெரியும்னீங்க.

— நத்தேத்தே வழியாத்தானே வந்தோம். முதல்லயே உன் தம்பி வீட்டுக்குப் போயிருக்கலாம்ல?

— நாலு மணிக்கு முன்னாடி வந்தா வீடு பூட்டியிருக்கும்னு பெனா சொல்லிட்டா.

— ஏன், எங்க போறா?

— எங்கயும் போகலை. மதியம் வந்தா நமக்கு சோறு போடணும்.

— த்தூ.

— இங்க துப்பாதீங்க.

— துப்பலை. சத்தம் மட்டும்தான் போட்டேன்... அப்பாடா. வந்தாச்சு. இரு, மூச்சு வாங்கிக்கிறேன்.

— எவ்வளவு அழகா இருக்கு! அங்க பாருங்க, குன்று குன்றா...

— வாசனை இங்க வரைக்கும் வருது. அந்த வாய்க்காலைப் பாரு. மழை பெஞ்சா தெருவுக்குள்ள வரும், மழை விட்டா மூக்குக்குள்ள வரும். கீழ அந்த டாக்ஸி நிலையம் பாரு. அத்தனை வெள்ளை வேனும் ஒரே நேரத்துல ஹாரன் அடிக்குது, ஒண்ணுகூட நகரலை. இதைப் பாக்கவா முழங்காலைத் தேச்சேன்?

— கூரை மேல ஒரு பறவை நிக்குதே, ஆளு உயரம்.

— கலோலி. குப்பைமேட்டுக்குத் தலைவர் மாதிரி நிக்குது பாரு. வழுக்கைத் தலை, கழுத்துல பை தொங்குது. செத்ததைத் தின்னும், அழுகினதைத் தின்னும், பிளாஸ்டிக் பையோட தின்னும். இன்னொண்ணு தெரியுமா? தன் கால் மேலயே தானே எச்சம் போட்டுக்கும்.

— சீ! எதுக்கு?

— வெயிலுக்கு. ஈரம் காயும்போது உடம்புச் சூடு தணியும். அது அறிவியல்.

— அது தன் கால்ல அசிங்கம் பண்ணிக்கிட்டா அறிவியல். எங்க அம்மா முகத்தைத் திருப்பிக்கிட்டா மூடநம்பிக்கை.

— அதுவும் இதுவும் ஒண்ணா?

— இல்ல. அதுமேல உங்களுக்கு மரியாதை இருக்கு.

— நந்தாவுலா.

— கீழ செருப்பைக் கழட்டுங்கன்னாங்க. கழட்டினீங்க. ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலை. எனக்குத் தலையில துணி கட்டணும்னாங்க. நீங்களே முடிச்சுப் போட்டு விட்டீங்க.

— அடுத்தவங்க இடம். அது மரியாதை.

— ஆமா. அடுத்தவங்க இடம்னா உங்களுக்கு எல்லாம் தெரியும். வாங்க, இறங்கலாம். உங்க அண்ணன் வீட்டுல சாப்பாடு வச்சிட்டுக் காத்திருப்பாங்க.

*

— கண்ணாடியை இறக்கு. மூச்சு விடணும்.

— சாப்பாடு நல்லாத்தானே இருந்துச்சு. கடலைக் குழம்பு மாதிரி நான் எங்கயும் சாப்பிட்டதில்லை.

— சாப்பாடா பிரச்சினை? சோபா பூரா பிளாஸ்டிக் உறை. எழுந்திரிச்சா தொடைத்தோல் பாதி அங்கயே தங்கிடுது. சுவத்துல அவனோட பட்டமளிப்புப் படம் நாலு. ஒரே பட்டம், நாலு கோணம். சரி, அதையும் விட்டுடறேன். ஸெபுன்யா யாரு? எனக்கு மூத்தவன். வங்கியில அதிகாரி. தூங்கும்போதுகூட டை கட்டுவான்னு நெனைக்கிறேன். வாசல்ல மாமியார் குரல் கேட்டதும் என்ன பண்ணான்?

— நானும் அங்கதான் இருந்தேன்.

— கோழியை வாய்ல வச்சபடி ஓடுறான்! குளியலறைக்குள்ள! நாப்பத்தஞ்சு நிமிஷம்! உள்ள இருந்துட்டே பேசுறான். 'அத்தைகிட்ட கேளு, பயணம் சௌகரியமா இருந்துச்சா.' அவன் பொண்டாட்டி நடுவுல நின்னுட்டு அதையே திருப்பிச் சொல்றா. 'சௌகரியமாத்தான் இருந்துச்சுன்னு மருமகன்கிட்ட சொல்லு.' அதையும் திருப்பிச் சொல்றா. ரெண்டு பேரும் பேசுறது ஒரே மொழி! வங்கியில கோடி கோடியா கடன் கொடுக்க கையெழுத்துப் போடுறவன், ஒரு கிழவிக்குப் பயந்து வாளி மேல உக்காந்திருக்கான்.

— பயமா அது?

— பின்ன?

— தெரியலை. நான் பாத்தது அந்தம்மா முகத்தை. அவர் ஓடின சத்தம் கேட்டதும் அவங்களுக்கு ஒரு நிம்மதி. தலைத்துணியைச் சரி பண்ணிட்டு, ராணி மாதிரி பாய்ல உக்காந்தாங்க. அப்பத்தான் நீங்க எழுந்து போய்க் கதவைத் தட்டினீங்க.

— உதவி பண்ணப் போனேன்.

— 'அண்ணா, சோப்பு வேணுமா'ன்னு கேட்டீங்க.

— வேணும்னா கொடுத்திருப்பேன்.

— நீங்க சிரிச்சீங்க. பசங்க சிரிச்சாங்க. அந்தம்மா கொண்டு வந்த பையை வச்சிட்டு, ஒரு வாய் சாப்பிடாம எழுந்து போயிட்டாங்க.

— அதான் நானும் சொல்றேன். இந்தக் கூத்தால யாருக்கு என்ன லாபம்? ஒருத்தன் ஈரத்துல உக்காந்தான். ஒருத்தி பட்டினியாப் போனா.

— வாத்தியாரே, அவங்க சாப்பிடாம போனது உங்க அண்ணன் ஒளிஞ்சதாலயா, நீங்க சிரிச்சதாலயா?

— நைல் ஆத்துல குதிச்சாலும் குதிப்பேன், மாமியாருக்காக ஒளிய மாட்டேன். அவ்வளவுதான் என் பதில்.

— நான் கேட்டது அது இல்ல.

— முன்னாடி பாரு, லாரி வருது. இடப்பக்கம் எந்த ஏரி இது?

— அரசர் வெட்டின ஏரி. நிறுத்தவா? நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு.

— நிறுத்து... வேணாம், நிறுத்தாத. ஒரு அரசர், ஆயிரக்கணக்கான ஆளுங்களை விட்டு, மண்வெட்டியால தோண்டின ஏரி. அதுல என்ன மிதக்குது பாரு. பாட்டில். பாட்டில். செருப்பு ஒத்தை. யாரோ ஒருத்தன் அதுல சட்டை துவைக்கிறான். துவைச்ச பிறகு அழுக்கா ஆகுற சட்டையை இங்கதான் பாக்குறேன். நேரா நத்தேத்தேக்குப் போ.

— அங்க வந்து...

— வாயை மூடிக்கிறேன். ஞாபகம் இருக்கு.

*

— என்ன காரியம் பண்ணிட்டீங்க!

— கை கொடுத்தேன்.

— கை கொடுத்தாராம்! நான் முன்னறையில பெனாகிட்ட பேசிட்டு இருக்கேன், நீங்க யாரைக் கேட்டுப் பின்பக்கம் போனீங்க?

— கழிப்பறை எங்கேன்னு தேடிட்டுப் போனேன். அங்க ஒரு அறை வாசல்ல உங்க அம்மா உக்காந்திருந்தாங்க. பாத்துட்டுப் பாக்காத மாதிரி வரச் சொல்றியா? 'அத்தை, நலமா'ன்னு கேட்டுக் கையை நீட்டினேன்.

— கட்டுப் போட்ட கண்ணு ஒண்ணு, பாதிக் கண்ணு ஒண்ணு. யாரோன்னு நெனச்சுக் கிட்ட வந்து பாத்திருக்காங்க. நீங்கன்னு தெரிஞ்சதும் பதறிப் பின்னால போய்க் கரிமூட்டை மேல விழுந்து...

— தூக்கி விடத்தானே போனேன்!

— அதான்! அதுக்குத்தான் அலறினாங்க! உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டாச்சு. காலையிலேருந்து ஒண்ணே ஒண்ணு கேட்டேன் உங்ககிட்ட.

— அந்த அறையைப் பாத்தியா நீ?

— பேச்சை மாத்தாதீங்க.

— மாத்தலை. அறையா அது? ஒரு பக்கம் கரிமூட்டை, ஒரு பக்கம் கோழிக்கூண்டு. நடுவுல ஒரு மெத்தை. கண்ணைக் கிழிச்சுத் தைச்ச மனுஷியை கரித்தூள்ல படுக்க வச்சிருக்காங்க. கோழி எச்சம் தலமாட்டுல. காலையில போட்ட கஞ்சி, ஈ மொய்ச்சு, இன்னும் அப்படியே கிடக்கு. முன்னறையில அவ டி.வி. பாத்துட்டு நகத்துக்குச் சாயம் பூசுறா.

— மெல்லப் பேசுங்க. காதுல விழும்.

— விழட்டும். மருந்துபுட்டி எங்க இருந்துச்சு தெரியுமா? கூண்டு மேல. வெயில்ல. மூடி இல்லாம. நான் அந்தக் கலோலியைக் கண்டபடி பேசினேன் நந்தாவுலா. தப்பு. அதுகிட்ட மன்னிப்புக் கேக்கணும்.

— பாத்தேன். நானும் பாத்தேன்.

— அழாத.

— அழலை. நீங்க போய் அந்தச் சுவருக்குப் பின்னாடி நில்லுங்க. எட்டிப் பாக்காதீங்க. நான் கதவுகிட்ட பேசிப் பாக்குறேன்.

*

— அம்மா. நான்தான். திற.

— அவர் போயிட்டாரா?

— சுவருக்கு அந்தப் பக்கம் இருக்காரு. உனக்கு அடி பட்டுச்சா?

— எந்தக் கை?

— என்னம்மா?

— அவர் நீட்டினது எந்தக் கைன்னு கேக்குறேன்.

— வலது கைதான்.

— விழும்போது என் முழங்கையில என்னமோ உரசின மாதிரி இருந்துச்சு. மூட்டையா, அவர் கையான்னு தெரியலையே மகளே. பாதிக் கண்ணுல என்னத்தைப் பாக்க?

— மூட்டைதாம்மா. அவருக்கு ஒண்ணும் ஆகலை. நல்லா இருக்காரு.

— உடனே தெரியாது. மாமியார் மேல கை பட்ட எங்க சித்தப்பாவுக்கும் முதல்ல சுண்டுவிரல்தான் ஆடுச்சு. கடைசியில வாழைக்குலை வெட்டுற கத்தியைப் பிடிக்க முடியலை. பிறத்தியார்தான் வாயில ஊட்டி விட்டாங்க.

— அது வேற வியாதிம்மா.

— வேறயாவே இருக்கட்டும். உன் புருஷன் அந்தக் கையில என்ன பிடிக்கிறாரு?

— சாக்பீஸ்.

— கை நடுங்கினா பள்ளிக்கூடத்துல வச்சுப்பாங்களா? பலகையில கோடு நேரா விழலைன்னா பசங்க சிரிக்கும். மனுஷன் அதுக்கே செத்துப் போவாரு. என் கண்ணு போனாப் போகட்டும், அது அறுபத்தெட்டு வருஷம் பாத்தாச்சு. அவர் கை போகக் கூடாது.

— இங்கயே இருந்தா கண்ணு நிஜமாவே போயிடும்மா. மருந்து விட யாரு இருக்கா?

— வண்டியில வர மாட்டேன். ரெண்டரை மணி நேரம், ஒரே கூண்டுக்குள்ள அவரும் நானும்? நீ கிளம்பு. இருட்டுறதுக்குள்ள லுவேரா சதுப்பைத் தாண்டிடு. லாரிக்காரங்க விளக்கு போடாம வருவாங்க.

*

— கேட்டீங்களா?

— சுவரு ஒண்ணும் அவ்வளவு கனமில்லை.

— சொல்லுங்க. உங்க பாடப்புத்தகம் என்ன சொல்லுது இதுக்கு?

— ம்.

— இன்னிக்குத்தான் முதல் தடவையா உங்க வாயிலேருந்து 'ம்' கேக்குறேன். கையை ஏன் பாக்கெட்டுக்குள்ள வச்சிருக்கீங்க?

— சும்மா.

— எடுங்க. எடுங்க பாப்போம்... வாத்தியாரே, நடுங்குது!

— குளிரு.

— நாலரை மணி வெயில்லயா?

— கோவம். அந்த மருந்துபுட்டியைப் பாத்ததுலேருந்து. நரம்பு அப்படித்தான் பண்ணும். அறிவியல். விடு. போய் அவங்ககிட்ட சொல்லு, வாத்தியார் பஸ்ஸுக்குப் போயிட்டாருன்னு.

— பஸ்லயா போறீங்க?

— சொல்லுன்னு சொன்னேன். போறேன்னு சொல்லலை. லுவேராவுல டயர் வெடிச்சா யாரு மாத்துறது, உங்க அம்மாவா?

— அப்ப எங்க... எதுக்கு டிக்கியைத் திறக்குறீங்க? வாத்தியாரே. வாத்தியாரே!

— கத்தாத. அந்தப் பாயை எடு.

— இதுக்குள்ளயா? ஆறடி உடம்பு.

— மடிச்சா நாலடி.

— உங்க அண்ணனாவது வாளி மேல சௌகரியமா உக்காந்திருந்தாரு.

— நந்தாவுலா. பாய்.

*

— முன்னாடி உக்காரும்மா. காத்து நல்லா வரும்.

— அது அவர் உக்காந்த சீட்டு. நான் பின்னாடி உக்காந்துக்கிறேன். நிஜமாவே பஸ்ஸுக்குப் போயிட்டாரா?

— போயிட்டாரு. புதுப் புட்டி மருந்து விட்டாச்சு, கண்ணை மூடிட்டு உக்காரு.

— இந்தச் சேவலை எங்க வைக்கிறது?

— எந்தச் சேவல்?

— கூண்டுல இருந்ததுதான். மருமகனுக்குன்னு நானே தீனி போட்டு வளத்தேன். காலு கட்டியிருக்கு. டிக்கியில போட்டுடு.

— மடியில வச்சுக்கயேன்.

— புதுக் கோமேசி உடுத்தியிருக்கேன், அசிங்கம் பண்ணிடும். டிக்கியில போடு.

— அம்மா, முன் சீட்டுல...

— அவர் சீட்டுலயா கோழியை வைப்ப? டிக்கியில போடுங்கிறேன்.

— ...போட்டுட்டேன்.

*

— எந்த ஊரு தாண்டுறோம்?

— காயாப்வே. கண்ணு வலிக்குதா?

— இல்ல. பாவம் வாத்தியார். பஸ்ல நெரிசலா இருக்கும்.

— இருக்கும்மா. கை கால் நீட்ட முடியாது.

— நல்ல மனுஷன்தான். வாய்தான் நிக்காத ரேடியோ. உன்னைப் பொண்ணு கேட்டு வந்த அன்னிக்கு, நான் உள்ள உக்காந்து கேட்டுட்டே இருந்தேன். மைக்கை வாங்கி, வாழைக்காயில என்னென்ன சத்து இருக்குன்னு அரைமணி நேரம் பேசினாரு. இறைச்சி பூரா ஆறிப் போச்சு. உங்கப்பா உள்ள வந்து என்கிட்ட கேட்டாரு, 'பொண்ணை இவருக்குக் கொடுக்கிறோமா, பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிறோமா'ன்னு.

— அம்மா, வேற ஏதாவது பேசுவோம்.

— ஏன், அவர் இங்கயா இருக்காரு? ரேடியோவாவது பாட்டுப் போடும்... என்ன சத்தம் அது?

— சேவல்.

— சேவல் தும்முமா?

— ரோட்டுல தூசிம்மா.

— இப்ப?

— அதுவும் சேவல்தான்.

— சேவல் 'சே, என் கழுத்துலயா'ன்னு சொல்லுமா?

— அம்மா...

— எவ்வளவு நேரமா?

— இறங்கிடாதம்மா. உன் கால்ல விழறேன். நடுச் சதுப்பு இது.

— இறங்கலை. எவ்வளவு நேரமா படுத்திருக்காருன்னு கேட்டேன்.

— நீ ஏறுறதுக்கு முன்னாடிலேருந்து.

— முகத்தை மூடியிருக்காரா?

— பாய் போத்தியிருக்காரு. தலைக்கு மேல.

— எந்தப் பக்கம் திரும்பி?

— அந்தப் பக்கம். கதவைப் பாத்து.

— சரியாத்தான் படுத்திருக்காரு. நீயா சொல்லிக் கொடுத்த?

— இல்லம்மா. தானா.

— மருமகன்கிட்ட கேளு, கை எப்படி இருக்குன்னு.

— அம்மா கேக்குறாங்க, கை எப்படி இருக்கு?

— மரத்துப் போச்சுன்னு சொல்லு. அதுமேல சேவல் உக்காந்திருக்கு.

— மரத்துப் போச்சாம்மா.

— நடுக்கம் இருக்கான்னு கேளு.

— நடுக்கம் இருக்கான்னு...

— இல்லைன்னு சொல்லு.

— இல்லையாம்மா.

— ஆண்டவர் காப்பாத்தினாரு. ஆனா மகளே, வண்டி வரைக்கும் சரி. ராத்திரிக்கு என்ன பண்றது? மருமகன் தூங்குற கூரைக்குக் கீழ நான் எப்படிக் கண்ணை மூடுறது? மசாக்கா போனதும் என்னைக் கன்னியர் மடத்துல இறக்கி விட்டுடு.

— அங்க நாலு வேளையும் மருந்து விட யாரும்மா இருக்கா?

— ஒரே கூரைன்னா வர மாட்டேன். அவர்கிட்ட சொல்லிடு.

— நம்ம வீட்டுல வேற கூரைக்கு எங்க போறது? இதைப் போய் அவர்கிட்ட கேட்டா என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியும். காலையிலேயே சொல்லிட்டாரு.

— நந்தாவுலா.

— பேசாம படுங்க நீங்க. உங்க கட்டில் கதையெல்லாம் இப்ப எடுக்காதீங்க.

— நந்தாவுலா, அத்தைகிட்ட சொல்லு. ஒரே கூரை இல்லை.

— என்ன?

— வீட்டுக்குப் பின்னாடி தனியா இருக்குதே கிடங்கு. ஆப்பரேஷனுக்குத் தேதி குறிச்ச அன்னிக்கே கொத்தனாரைப் பாத்துட்டேன். முத்தத்துப் பக்கம் இருந்த கதவை அடைச்சு, வாழைத் தோட்டத்துப் பக்கம் புதுக் கதவு வச்சாச்சு.

— உரமூட்டை இறக்க வசதியா இருக்கும்னு சொன்னீங்களே!

— உரமூட்டைக்கு எதுக்குடி ஜன்னல்ல கொசுவலை?

— என்ன சொல்றாரு மகளே? சேவல் கத்துறதுல எனக்குக் கேக்கலை.

— அத்தைகிட்ட சொல்லு. நம்ம வீட்டு ஜன்னல் எதுல நின்னு பாத்தாலும் அந்தக் கதவு தெரியாது. நாலு ஜன்னல்லேருந்தும் கயிறு பிடிச்சு அளந்து பாத்துட்டேன்.